கணவர் நைந்துபோன சட்டையை விடவே மாட்டேன் என்கிறார், எப்படிப் பேசுவது?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம், நெருங்கியவர்களிடம் சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். என் கணவர் நல்ல மனிதர். வேலையில் கெட்டிக்காரர், வீட்டு வேலையிலும் பிள்ளைகள் விஷயத்திலும் எனக்குச் சரிபாதியாக நிற்பவர். ஆனால் உடுத்துவதில் மட்டும் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அவர் தினமும் போடும் நீலச் சட்டையின் காலர் மடிப்பு நைந்து, உள்ளே வைத்துத் தைத்திருக்கும் வெள்ளை கேன்வாஸ் ஒரு கோடு போல வெளியே தெரிகிறது. பனியன்களில் அக்குளுக்குக் கீழே ஓட்டை. ஒரு பேண்ட்டைத் துவைத்துக் காயப்போட்டபோது பார்த்தேன், தொடைப் பக்கம் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது.

வீட்டுக்குள் போட்டால் நான் வாயே திறக்க மாட்டேன். அதே சட்டையோடு என் வீட்டு விசேஷங்களுக்கும் கிளம்பிவிடுகிறார் என்பதுதான் பிரச்சினை. பணக் கஷ்டம் இல்லை, அலமாரியில் புதுச் சட்டைகள் அட்டைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. கேட்டால், "துவைத்துத்தானே போட்டிருக்கிறேன், இதற்கு என்ன குறை" என்கிறார். போன விசேஷத்தில் என் அக்கா என்னைத் தனியாக அழைத்து, "அவருக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துக் கொடுக்கக் கூடாதா" என்று கேட்டார். சட்டை போட்டிருப்பவரை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறார்கள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. இதை அனுபவித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

எட்டுமணி

ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான் தோழி. அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அந்தச் சட்டையைத் துடைக்கிற துணியாக்கிவிடுங்கள், இரண்டு நாள் தேடுவார், அப்புறம் மறந்துவிடுவார்.

நெடுஞ்சாலை

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள் சகோதரி. நான் அந்தப் பக்கத்தில் இருப்பவன், அதாவது பழைய சட்டை போடும் கணவன். என் மனைவி என்னிடம் கேட்காமல் எனக்குப் பிடித்த ஒரு சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டார். சட்டை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அதற்குப் பிறகு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் இருக்கிறதா, போய்விட்டதா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, இன்றுவரை போகவில்லை. பழசு எதையும் துவைக்கப் போடாமல் நானே ஒளித்துத் துவைக்கத் தொடங்கினேன். அவர் நினைத்ததற்கு நேர் எதிராகத்தான் ஆனது.

பழசை ஏன் விட முடிவதில்லை என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்டது. ஒரு கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் அதே கோப்பையை என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க வந்தவர்கள் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் முன்னால் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால், வருடக்கணக்கில் உடம்போடு ஒட்டிக் கிடந்த சட்டைக்கு என்ன விலை சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அதைக் கிழிசல் என்று பார்க்கிறீர்கள், அவருக்கு அது தன்னுடைய பொருள்.

எட்டுமணி

நெடுஞ்சாலை, நீங்கள் சொல்வது புரிகிறது. ஒளித்து வைத்துத் துவைக்கும் அளவுக்குப் போகும் என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் மனைவிக்கு இவ்வளவு சங்கடம் என்று தெரிந்தும் ஒருவர் அசையாமல் இருந்தால், அது வெறும் சட்டை விஷயம் இல்லையே? அவள் சொல்வதற்கு மதிப்பே இல்லையா?

தையல்மேசை

நான் துணியோடு பழகுகிறவள், அதனால் சட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மனதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

துணி எங்கே நைகிறது என்று பார்த்தாலே போடுகிறவருக்கு எது வசதி என்பது பாதி புரிந்துவிடும். காலர் மடிப்பு நைவதற்குக் காரணம் தாடி முடி உரசுவதும் வியர்வையும்தான். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, திருப்பி வைத்துத் தைத்துவிட்டால் நைந்த பக்கம் அடியில் போய்விடும், பார்க்கப் புதுக் காலர் மாதிரி இருக்கும். முனையில் பட்டன் துளை உள்ள காலருக்கு இது சரிவராது. ஒரு முறைதான் செய்யலாம், அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் நைந்துவிடும். சட்டை மேல் அவருக்கு அவ்வளவு ஆசை என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். அவருக்குப் பிடித்ததைப் பிடுங்காமல் உங்கள் கண்ணை உறுத்துவதும் போய்விடும்.

தொடைப் பக்கம் மெலிந்த பேண்ட்டை ஓட்டை விழும் முன்பே தைக்க எடுத்துவிட வேண்டும். உள்பக்கம் மெல்லிய துணி ஒன்றை வைத்து, மேலே அதே நிற நூலால் நெருக்கமாக முன்னும் பின்னும் தைத்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். ஓட்டை விழுந்த பிறகு தைத்தால் சுற்றியுள்ள துணி ஏற்கெனவே பலம் இழந்திருக்கும், தையல் ஓரத்திலேயே மறுபடி கிழியும். பனியன் ஓட்டைக்கு மருந்தில்லை, அதை மாற்றத்தான் வேண்டும். இழுபடும் துணிகளில் கலந்திருக்கும் எலாஸ்டேன் நூல் சூட்டாலும் குளோரின் பிளீச்சாலும் கெட்டுப்போகும், தொளதொளவென்று ஆன துணியை மறுபடி இறுக்க முடியாது. இடுப்பு எலாஸ்டிக் மட்டும் போயிருந்தால் அதை உருவிவிட்டுப் புதியதைக் கோத்துக்கொள்ளலாம்.

"துவைத்துத்தானே போட்டிருக்கிறேன்" என்பது பற்றி ஒன்று. பருத்தியில் அது பெரும்பாலும் உண்மைதான். பாலியஸ்டர் அப்படியில்லை, உடம்பின் எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும், துவைத்த பிறகும் கொஞ்சம் வியர்த்தால் பழைய வாடை எழும்பும். அக்குள் மஞ்சள் கறைக்கு, வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் இருக்கும் அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்வது ஒரு முக்கியக் காரணம். வெளுக்கட்டும் என்று குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடிவிடும். கலப்புத் துணியில் உருண்டை உருண்டையாக எழும்புவது, சின்ன பருத்தி இழைகள் மேலே வர, அறுந்து விழவிடாமல் பாலியஸ்டர் இழை அவற்றைப் பிடித்துக்கொள்வதால்தான்.

கடைசியாக முக்கியமானது. பழைய பருத்திச் சட்டை ஏன் அவ்வளவு இதம் என்றால், விறைப்புக்காகப் போட்ட கஞ்சியும் மற்ற பூச்சுகளும் துவைக்கத் துவைக்கப் போய், இழை தளர்ந்து மென்மையாகிவிடுகிறது. அட்டையோடு இருக்கும் புதுச் சட்டை கழுத்தில் அறுக்கும். அதை மூன்று நான்கு முறை துவைத்து, கழுத்து லேபிளை நூல் மிச்சமில்லாமல் பிரித்து, பழைய சட்டைகளோடு மடித்து வையுங்கள். அட்டையில் இருக்கும்வரை அது விசேஷத்துக்கான சட்டை என்றுதான் அவர் மனதில் பதிந்திருக்கும்.

மழைக்காலம்

எங்கள் வீட்டில் அப்படியே தலைகீழ், பழசைப் போடுவது என் மனைவி. பிள்ளைகளுக்கு எடுப்பாள், எனக்கு எடுப்பாள், என் அம்மாவுக்கு எடுப்பாள். தனக்கு என்று வந்தால் "எனக்கு எதற்கு, நான் எங்கே போகிறேன்" என்று முடித்துவிடுவாள். வெளுத்துப்போய் என்ன நிறம் என்றே சொல்ல முடியாத உடையில் நாள் முழுக்க இருப்பாள்.

சிக்கனம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் அவளே சொன்னாள், இரண்டாவது குழந்தைக்குப் பிறகு உடம்பு மாறிவிட்டது, கடையில் அந்தச் சின்ன அறைக்குள் கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை, மெலிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று. அலமாரியில் இருந்த நல்ல துணிகள் எல்லாம் பழைய அளவு. பழையது மட்டும்தான் தொளதொளவென்று இருந்ததால் உடம்பில் ஏறியது. இது எனக்குத் தானாகத் தெரிந்திருக்கவே தெரியாது. அதற்குப் பிறகு அவள் அளவை வீட்டிலேயே டேப் வைத்து எடுத்து, இப்போதைய உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி எடுத்தோம், பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில்தான் எடுத்தோம். மெலிந்த பிறகு என்ற பேச்சே வேண்டாம், இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு நல்ல துணி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெளியே கிளம்பும்போது முன்பு இருந்த தயக்கம் குறைந்திருக்கிறது.

ஆகவே நிலாமுற்றம் சகோதரி, அந்தப் புதுச் சட்டைகளின் அளவு அவருக்கு இப்போது சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாம்மாடி

எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லையே. எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஆரம்பத்திலிருந்தே இப்படி என்றால் அது சுபாவம். நன்றாக உடுத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று விட்டுவிட்டார் என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குளிப்பது, சவரம் செய்வது தள்ளிப்போகிறதா, தூக்கம் மாறியிருக்கிறதா, முன்பு ஆசையாகச் செய்ததில் நாட்டம் போய்விட்டதா, இதெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்ப்பதே சரி. வயதானவர்கள் ஒரே உடையைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தால் மறதி நோயின் தொடக்கமா என்றும் பார்ப்பார்கள். அப்போது போய்ச் சட்டையைப் பற்றிச் சண்டை போடுவது அவரை இன்னும் ஒடுக்கிவிடும்.

இன்னொன்று, தொடு உணர்வு ரொம்பக் கூர்மையாக இருப்பவர்கள் உண்டு, ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது பரவலாகக் காணப்படும், அது இல்லாதவர்களிடமும் இருக்கும். அவர்களுக்கு லேபிள், தடித்த தையல், விறைப்பான காலர் எல்லாம் நிஜமாகவே தாங்க முடியாத தொந்தரவு. பிடிவாதம் என்று நாம் நினைப்போம், அவர்களுக்கு அது உடம்பு வேதனை.

நிலாமுற்றம்

இவ்வளவு பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மூன்றாம்மாடி, அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான், புதிதாக எதுவும் மாறவில்லை, தூக்கம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. சின்ன வயதில் அண்ணன்கள் போட்டுத் தேய்ந்த சட்டைதான் அவருக்கு வரும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். போட முடிகிற துணியை ஒதுக்குவது அவருக்கு வீண் செலவு மாதிரி. பிள்ளைகள் எதையாவது சீக்கிரம் தூக்கிப் போட்டாலும் முகம் மாறிவிடும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் விசேஷத்துக்குக்கூடவா?

கடலோரம்

அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு பருத்தி டீ-சர்ட் தயாரிக்க சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உலக வனவிலங்கு நிதியம் கணக்குச் சொல்கிறது. ஒரு சட்டையைக் கடைசி நூல் வரை போடுகிறவரைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அவர் கசக்கித்தான் கட்டுகிறார்.

ஆனால் அதே கணக்கை அவரிடம் திருப்பியும் கேட்கலாம். பிரிக்காமல் அடுக்கியிருக்கும் சட்டைகளுக்கும் அதே தண்ணீர் செலவாகியிருக்கிறது. போடாமல் வைத்திருப்பதும் வீண்தான். யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், ஏன் போடுவதில்லை என்று அவரே சொல்ல வேண்டிவரும்.

எட்டுமணி

நல்ல உடை போட்டால் நம் மனதே மாறும், யோசிக்கிற விதமே மாறும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதே, அதை அவருக்குப் படித்துக் காட்டலாமே?

மூன்றாம்மாடி

2012-ல் ஆடம், கலின்ஸ்கி இருவரும் வெளியிட்டது அது. மருத்துவர் கோட் என்று சொல்லி அணியக் கொடுத்தால் கவனம் கூடுகிறது என்றார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைப் பெரிய கூட்டத்தை வைத்துச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதை நம்பி அவரிடம் போக வேண்டாம் எட்டுமணி. ஆராய்ச்சியைக் காட்டி ஒருவருக்குச் சட்டை மாட்டிவிடவும் முடியாது.

வெயில்காலம்

நான் கொஞ்சம் நேராகச் சொல்கிறேன் தோழி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பதிவில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று அவர் சட்டை. இன்னொன்று, அதற்கு உங்களைக் கேள்வி கேட்கும் உறவுகள். அக்கா கேட்டதுதான் உங்களுக்கு அதிகம் வலித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணவன் கசங்கிய சட்டையோடு வந்தால் மனைவி சரியில்லை, மனைவி வெளுத்த புடவையோடு வந்தால் அவள் சரியில்லை, எப்படிப் பார்த்தாலும் பெண்தான் பதில் சொல்ல வேண்டும். வளர்ந்த ஒரு ஆளின் உடைக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை. அக்கா அடுத்த முறை கேட்டால், "அவர் அங்கேதான் நிற்கிறார், அவரிடமே கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கோபமாக வேண்டாம், சாதாரணமாகவே சொல்லலாம்.

அது போனபிறகு எது மிச்சமோ அதை மட்டும் கணவரிடம் பேசுங்கள். பேசும் விதமும் முக்கியம். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன் குறை சொல்வதையும் ஆளையே குற்றம் சாட்டுவதையும் தனித்தனியாகப் பிரிக்கிறார். "நாளைக்கு அங்கே போகும்போது இந்தச் சட்டை வேண்டாம், எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்றால் அது ஒரு குறை, அதற்குப் பதில் சொல்ல முடியும். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான், உங்களுக்கு அக்கறையே இல்லை" என்றால் ஆளையே அடிப்பது. அதைவிடக் கெடுதல் இளக்காரம், தம்பதிகள் பிரியப்போகிறார்கள் என்பதற்கு மிக வலுவான அடையாளமாக அவர் கண்டது அதைத்தான். பிள்ளைகள் முன்னாலும் சொந்தக்காரர்கள் முன்னாலும் அவர் சட்டையைக் கிண்டல் செய்யவே கூடாது. எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிடுவார், ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சட்டையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்.

எட்டுமணி

வெயில்காலம், எல்லாப் பொறுமையும் அவள் பக்கமே இருக்க வேண்டுமா? அவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஒரு மாலை நேரம் நல்ல சட்டை போட்டுக்கொள்வது என்ன பெரிய தியாகமா?

நெடுஞ்சாலை

இல்லை, பெரிய தியாகம் இல்லை, இதில் எட்டுமணி பக்கம்தான் நான். எதற்காக என்று தெளிவாகக் கேட்டால் நான் போடுவேன். "நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாங்க" என்று கிளம்புகிற நேரத்தில், ஒரு கால் செருப்பில் இருக்கும்போது சொன்னால் எரிச்சல்தான் வரும், எதைப் போடுவது என்றும் தெரியாது, இருப்பதிலேயே நிற்பேன். முந்தின நாளே, இன்ன இடம், எனக்கு இது முக்கியம், இந்த இரண்டில் எது உங்களுக்குச் சரி என்று கேட்டால் விஷயம் முடிந்தது. வீட்டில் என்ன போட வேண்டும் என்பதை என் இஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டும், அதிலும் தலையிட்டால் வெளியே போகும்போதும் வீம்பு வரும்.

நிலாமுற்றம்

பேசினேன். கிளம்பும் நேரத்தில் இல்லாமல், இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, கையில் எந்தச் சட்டையும் வைத்துக்கொள்ளாமல் பேசினேன். அக்கா கேட்டதை அவரிடம் இதுவரை நான் சொன்னதே இல்லை. சொன்னதும் அமைதியாகிவிட்டார். "உன்னைக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார். சட்டை நன்றாக இல்லை என்று நான் சொன்னதைத்தான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறார், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பது அவரைப் போய்ச் சேரவே இல்லை.

அப்புறம் புதுச் சட்டைகளை ஏன் தொடுவதில்லை என்று கேட்டேன். எழுந்து போய் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். மார்பில் பையே இல்லை! பரிசாக வந்த சட்டைகள் பெரும்பாலும் அப்படித்தான், உடம்போடு ஒட்டின மாதிரி வெட்டு, பை கிடையாது. அவர் படிக்கும் கண்ணாடியையும் பேனாவையும் எப்போதும் மார்புப் பையில்தான் வைப்பார், நீலச் சட்டையின் பை அகலமானது. இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். ஆசையாகக் கொடுத்ததைக் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டாராம்.

இப்போது அவரே உட்கார்ந்து பிரித்திருக்கிறார். வீட்டுக்கு, வெளியே போக, துடைக்கிற துணிக்கு என்று. நான் எதையும் தொடவில்லை. பனியன்களை அவரே துடைக்கப் போட்டுவிட்டார். நீலச் சட்டை வீட்டுக்குப் போனது, காலரைத் திருப்பித் தைக்கப் போகிறோம். வேறு இரண்டு சட்டைகள் மட்டும் எந்தக் குவியலிலும் சேராமல் நாற்காலியில் கிடக்கின்றன, அவற்றைப் பற்றி நான் கேட்கவும் இல்லை.

தையல்மேசை அக்கா, பையில்லாத சட்டைகளுக்கு இப்போது பை வைக்க முடியுமா? அதே துணி கிடைக்காதே?

தையல்மேசை

முடியும்மா. சட்டையின் நீளத்தைப் பாருங்கள், வெளியே விட்டுப் போடுகிறவர் என்றால் கீழே கொஞ்சம் வெட்டினாலும் தெரியாது. அந்தத் துண்டில் ஒரு பை வரும், மடிப்புக்குத் துணி போதவில்லை என்றால் பைக்கு மேல் பட்டி மட்டும் ஒத்துப்போகிற வேறு துணியில் வைக்கலாம். கட்டம் போட்டதோ கோடு போட்டதோ என்றால் பையின் கோடு சட்டையின் கோட்டோடு சேர்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். பையின் அளவை நீலச் சட்டையிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும், கண்ணாடியை உள்ளே வைத்துப் பார்த்து. பேனா வைக்கிற ஓரத்தில் மேலே சின்ன முக்கோணமாக இரட்டைத் தையல் போட வேண்டும், பை முதலில் கிழிவது அங்கேதான். வெட்டுவதற்கு முன்னால் மறக்காமல் இரண்டு முறை துவைத்துவிடுங்கள், பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், பிறகு நீளம் போதாமல் போய்விடும்.